“கர்ட்டன் மாட்டுகிற படிப்பா?”

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்கு வருகிற கேள்விகளுக்குக் கணக்கே கிடையாது. “டாக்டருக்கா, இன்ஜினீயருக்கா?” என்பார்கள். இரண்டும் இல்லை என்றால், “பாவம், மார்க் குறைச்சலோ?” என்று அனுதாபம் வேறு! என் மூத்த பெண் ‘இன்டீரியர் டிசைன்’ படிக்கப் போகிறாள் என்று சொன்னபோது என் நாத்தனார் கேட்ட கேள்வி இதையெல்லாம் மிஞ்சிவிட்டது.

“ஏம்மா, கர்ட்டன் மாட்டுகிற படிப்பா? அதுக்குப் போயா காலேஜு?”

நான் பத்தாவது வரை படித்தவள். எங்களுடையது தஞ்சாவூரில் ஒரு சாதாரணக் குடும்பம். இவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் கணக்கர் வேலை. நாத்தனாருக்கு அன்று பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது என் பெண் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். இத்தனை நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததிலும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் வீடு வீடாக வரைந்து தள்ளுகிற பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் அல்லவா? அந்தச் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமையலறையில் ஒரு பாடம்

முதல் வருஷ விடுமுறைக்கு வந்தவள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு நோட்டும் பென்சிலுமாகச் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். நான் எங்கே போகிறேன், எதை எடுக்கிறேன், எத்தனை தடவை குனிகிறேன் என்று எல்லாவற்றுக்கும் கோடு போட்டாள். கல்லூரியில் கொடுத்த வேலையாம் அது! மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள், கூடத்தில் இருந்த பிரிட்ஜுக்கு மட்டும் நான் 41 தடவை போய் வந்திருந்தேன். இருபது வருஷமாக நடக்கிற எனக்கு அது தெரியவே தெரியாது. நடப்பவள் எண்ணிக்கொண்டா நடப்பாள்?

பிறகு டேப்பை எடுத்தாள். சமையல் மேடையின் உயரம் 36 அங்குலம். நானோ ஐந்து அடிக்கும் கொஞ்சம் குறைவு. “அம்மா, நின்று வேலை செய்கிற மேடை நம் முழங்கையை விட நாலு முதல் ஆறு அங்குலம் தாழ்வாக இருக்கணும். மாவு பிசைய இன்னும் தாழ்வாக இருந்தால் நல்லது. நீ தோளைத் தூக்கிக்கொண்டே சப்பாத்தி தேய்க்கிறே” என்றாள். என் கணக்குக்கு 31, 32 அங்குலம் போதுமாம்.

மேடையை இடித்துக் கட்ட எங்களுக்கு ஏது வசதி? அதற்கும் அவளே வழி சொன்னாள். கிடந்த பழைய மேஜை ஒன்றை ஆசாரியிடம் கொடுத்து, காலை 30 அங்குலத்துக்கு அறுத்து, ஜன்னலோரம் போட்டோம். காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் அதன் மேல்தான். பிரிட்ஜ் சமையலறைக் கதவை ஒட்டி வந்தது. செலவு, ஆசாரி கூலியும் ஒரு சுவிட்ச் பாயின்ட்டும்தான். தோள்வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தைலம் தேய்க்காமல் படுக்கிறேன்.

இந்தக் கணக்கெல்லாம் நேற்று வந்ததில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். ஆஸ்திரியாவில் கட்டடக் கலை படித்த முதல் பெண்களில் ஒருவரான மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்பவர், 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தாராம். ஒவ்வொரு வேலைக்கும் ஆகிற நேரத்தையும், வைக்கிற அடியையும் கணக்கிட்டு, சுமார் ஆறே கால் அடிக்குப் பதினோரு அடி இடத்துக்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டுகிற மாதிரி அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது வந்தது. இன்று கடைகளில் ‘மாடுலர் கிச்சன்’ என்று பளபளவென்று விற்கிறார்களே, அதற்குப் பாட்டி அதுதான்!

அப்பாயிக்கு ஒரு கைப்பிடி

என் மாமியாருக்கு வயது எழுபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது தெய்வாதீனம். அதன் பிறகு குளிக்கப் போவதென்றாலே பயம். இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் குளிப்பேன் என்று பிடிவாதம். கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றால் கூச்சம்.

பெண் ஊருக்கு வந்ததும் அப்பாயியைக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள். “எழுந்திருங்க அப்பாயி, கை எங்கே போகுதுன்னு பார்க்கிறேன்” என்றாள். கை சுவரில் போய் ஊன்றிய இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டாள். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. அந்த அளவுக்குள் அத்தையின் கை போன இடத்தில் கம்பி வந்தது. அதிலும் ஒரு விஷயம்: கம்பியை டைல்ஸில் ஒட்டக் கூடாது. உள்ளே இருக்கிற செங்கல் சுவர் வரை டிரில் போட்டு, ஆங்கர் போல்ட் முடுக்க வேண்டும். விழுகிற ஆளின் முழு பாரமும் அதில்தானே தொங்கும்?

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி மாட்டினோம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே தடுத்துவிடும் என்றாள். இது எத்தனை வீடுகளில் யோசிக்கப்படுகிறது, சொல்லுங்கள்! வாசலில் இருந்த மூன்று அங்குலத் தடுப்பை இழைத்துச் சாய்வாக்கினோம். வழவழ டைல்ஸ் மேல் வழுக்காத டைல்ஸ் வந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரை ராத்திரியில் சின்ன விளக்கு. அத்தை இப்போது தினம் குளிக்கிறார். தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறார், வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற வகை அது.

என் நாத்தனார் வந்து பார்த்து, கம்பியைப் பிடித்து இரண்டு தடவை உலுக்கிவிட்டு, “நம்ம வீட்டுக்கும் ஒண்ணு போடச் சொல்லு” என்றார். கர்ட்டன் பேச்சு அத்தோடு நின்றது.

எங்கே படிக்கலாம்?

1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நம் தேசத்துக்கு வந்து சுற்றிப் பார்த்து, அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதிய பொருள் எது தெரியுமா? நாம் தினம் தண்ணீர் மொள்கிற சொம்பு! இடுப்பிலும் தலையிலும் உட்காருகிற வடிவம், ஊற்றுகிற வாய், தேய்க்கிற சுலபம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுதான் நல்ல வடிவமைப்பு என்றார்கள். அந்த அறிக்கையை ஒட்டி 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., வந்தது. மரச்சாமான்களும் உள்ளமைப்பும் சேர்ந்த பாடம் அங்கே உண்டு. அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1962-ல் பாலகிருஷ்ண தோஷி கட்டடக் கலைப் பள்ளியாகத் தொடங்கியது. 1991-ல் உள்ளமைப்புக்குத் தனிப் பள்ளி ஏற்பட்டது. தோஷி 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்.

மனையியல் கல்லூரிகளின் வழியும் ஒன்று உண்டு. டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932-லும், கோவை அவினாசிலிங்கம் கல்லூரி 1957-லும் ஏற்பட்டவை. வீட்டு நிர்வாகம், பணம், நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரு பாடமாக வைத்தவர்கள் மனையியல்காரர்கள். பல மனையியல் துறைகளில் உள்ளமைப்பு அந்தப் பாடத்தின் கிளையாகவே வளர்ந்தது. தமிழ்நாட்டில் பெண்கள் கல்லூரி விசாரிக்கிறவர்கள் இதையும் கேட்டுப் பாருங்கள்.

முக்கியமான சில விஷயங்கள்:

பி.டெஸ். எனப்படும் வடிவமைப்புப் பட்டத்துக்குப் பெரும்பாலும் பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம். கட்டடக் கலையான பி.ஆர்க். வேறு. அதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும், ஐந்து வருஷம். 1972-ம் வருஷச் சட்டப்படி, கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் ‘ஆர்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். உள்ளமைப்புப் படித்தவர்கள் அந்தப் பெயரைப் போட முடியாது. சேர்வதற்கு முன்பே இதைப் பெண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

என்.ஐ.டி. நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம். முதலில் எழுத்தும் படமும். பிறகு கையால் பொருள் செய்து காட்டுவது. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்துகிற ‘யூசீட்’ தேர்வு வழக்கமாக ஜனவரியில் வரும். அதை அடுத்தடுத்த இரண்டு வருஷம் மட்டுமே எழுதலாம். அந்த மார்க்கை வேறு பல வடிவமைப்புக் கல்லூரிகளும் ஏற்கின்றன. இதற்கெல்லாம் விண்ணப்பம் போடுகிற தேதி பிளஸ் டூ பரீட்சைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு வருஷம் போய்விடும்!

“ஆறே மாதத்தில் டிப்ளமா, உடனே வேலை” என்ற விளம்பரங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகமா, அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அந்தக் குழுவே வெளியிடுகிறது.

பணம் விஷயம்

மறைக்காமல் சொல்கிறேன், இது செலவு வைக்கிற படிப்பு. பீஸ் ஒரு பக்கம் என்றால், மவுண்ட் போர்டு, கட்டர், கலர், மாதிரி வீடு செய்கிற சாமான், பிரிண்ட் என்று மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் சக்தியுள்ள லேப்டாப் இல்லாமல் இரண்டாம் வருஷம் ஓடாது.

அவள் கல்யாணத்துக்கென்று நான் கட்டி வந்த ஏலச்சீட்டு அந்தச் சமயம் முடிந்தது. “நகைக்குன்னு வச்சதை எடுக்கலாமா? நாளைக்குச் சம்பந்தி வீட்டில் என்ன பதில் சொல்றது?” என்று இவர் தயங்கினார். அவர் கவலை நியாயமானது. இரண்டு நாள் யோசித்தோம். “வளையல் பெட்டிக்குள்ளே தூங்கும், கம்ப்யூட்டர் தூங்காது” என்றேன். இவர் சிரித்துவிட்டார். லேப்டாப் வந்தது. இன்னும் அந்த ஐந்து பவுன் வாங்கப்படவில்லை. அது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை.

செலவைக் குறைக்கிற வழிகளும் உண்டு. ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளை மாணவர்களுக்கு அந்தக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. காசு கொடுத்து வாங்காதீர்கள். 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரியில் படிக்கிற காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிற ‘புதுமைப் பெண்’ திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

சம்பளமில்லாத வேலை

மூன்றாம் வருஷம் ‘இன்டர்ன்ஷிப்’ என்று ஓர் அலுவலகத்தில் வேலை பழக வேண்டும். பெயர் பெற்ற ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை நான் நிதானமாகப் படிக்கச் சொன்னேன். ஆறு மாதம், சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டியிருக்கும், வேலை, கம்ப்யூட்டரில் அலங்காரப் படம் போடுவது.

“பெரிய பேரும்மா. பயோடேட்டாவில் போட்டுக்கலாம்” என்று அழுதாள். நான் கோபிக்கவில்லை. ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். அறை வாடகையும் பஸ் காசும் யார் கொடுப்பது? கட்டடம் நடக்கிற இடத்துக்குக் கூட்டிப் போவார்களா? ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள்? நீ வரைந்ததில் உன் பெயர் இருக்குமா? அவளே போன் போட்டுக் கேட்டாள். நாலுக்கும் சரியான பதில் இல்லை.

பிறகு ஒன்பது இடங்களுக்கு எழுதினாள். ஆறு இடத்தில் பதிலே இல்லை. மூன்று வாரம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், கிளினிக்குகளும் பள்ளிக்கூடங்களும் செய்கிற ஒரு சின்ன அலுவலகம் மாதம் 8,000 ரூபாயில் எடுத்துக்கொண்டது. முதல் நாளே மேஸ்திரி, “பாப்பா, உனக்கு என்ன தெரியும்?” என்றாராம். இவள் பேசாமல் டேப்பை எடுத்து, சுவர் இரண்டு அங்குலம் கோணியிருப்பதைக் காட்டினாளாம். அதிலிருந்து “பாப்பாவைக் கூப்பிடு” என்பார்களாம்!

அங்கே ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேடை நெஞ்சு உயரத்துக்கு வரையப்பட்டிருந்தது. “சக்கர நாற்காலியில் வருகிறவர் முகமே தெரியாதே, ஒரு பக்கத்தைத் தாழ்த்தலாமா?” என்று கேட்டிருக்கிறாள். தாழ்த்தினார்கள். அப்பாயியின் ஸ்டூல் எங்கே போய் உதவியது பாருங்கள்.

வேலை எங்கே இருக்கிறது?

பணக்காரர் பங்களா மட்டும்தான் இந்தப் படிப்புக்கு இடம் என்று நினைக்க வேண்டாம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொதுக் கட்டடங்கள் அவர்கள் வந்து போகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறது. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள், கதவு திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது சுமார் மூன்று அடி, இருக்க வேண்டும் என்கின்றன. சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். நம் ஊர் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க் எத்தனையில் இது சரியாக இருக்கிறது? அத்தனையும் வேலைதான். 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயது தாண்டியவர்கள் நாட்டில் 10 கோடிக்கு மேல். அவர்களுக்கெல்லாம் குளியலறை வேண்டாமா?

கைத்தொழில் பக்கமும் பாருங்கள். சென்னை முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் அக்ரஹாரத்து வீடும் அப்படியே நிற்கின்றன. என் பெண்ணின் வகுப்பு அங்கே போய்த் திண்ணையும் முற்றமும் அளந்து வரைந்தது. கண்ணாடிப் பலகை மேல் கலர் ஊற்றிச் செய்கிற ஆத்தங்குடிக் கல், பத்தமடைப் பாய் இவற்றையெல்லாம் இன்றைய வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு நல்ல மதிப்பு. சினிமாக் கலை இயக்கமும் பக்கத்துத் துறைதான். வெளிச்சம் அமைப்பது, கடை, கண்காட்சி என்று கிளைகள் நிறைய.

இந்திய உள்ளமைப்பாளர்கள் நிறுவனம் என்று ஒரு சங்கம் 1972 முதல் இருக்கிறது. சென்னையிலும் கிளை உண்டு. மாணவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கிறார்கள், போட்டிகள் நடத்துகிறார்கள். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அங்கே நாலு பெரியவர்கள் பெண்ணின் வேலையைப் பார்ப்பார்கள். பெண்கள் இதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சுனிதா கோலியைச் சொல்லலாம். ராஷ்டிரபதி பவனின் உள்புறங்களைப் புதுப்பித்தவர். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம்!

என் பெண்ணுக்கு நிரந்தர வேலை இன்னும் கையில் வரவில்லை. ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர் கம்பெனி அளவுக்கு இருக்காது என்பதும் தெரியும். ஆனால், ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே யாருக்கு எது எட்டவில்லை, யார் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று பார்க்கிற கண் அவளுக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகாது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் பெண் இந்தப் படிப்பைக் கேட்டால், உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். கையில் ஒரு டேப்பைக் கொடுத்து, வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமான ஓர் இடத்தை அளந்து வரைந்து, அதை எப்படி மாற்றுவது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுமையாகச் செய்தாளானால், மேலே விசாரிக்க ஆரம்பிக்கலாம். அவள் சொன்னதில் ஒன்றையாவது செய்தும் பாருங்கள். படிப்பு கிடைக்கிறதோ என்னவோ, உங்கள் தோள்வலியாவது குறையும்!